கடலைச் சுருளில் இருந்த பாலம்

மேல்கணக்கு, தலவாக்கலை.
22.11.2009, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் லோஜனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்தக் கட்டார் நாட்டு வெயிலில் உடம்பும் மனசும் வாடாமல் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் தினமும் விளக்கு வைக்கிறோம். கிழமைக்கு ஒரு தடவை போனில் பேசுகிற பிள்ளைக்கு இவ்வளவு நீளமாகக் கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். போனில் அம்மா பக்கத்தில் நிற்கிறாள், கார்டு முடியப்போகிறது என்று நீ அவசரப்படுகிறாய், நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அவளிடம் கொடுத்துவிடுகிறேன். இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் எழுதி முடிக்கலாம் என்று இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. இரண்டு கிழமையாக விடாத மழை, தேயிலைக் கொழுந்து குறைவு, அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் ஒரு நாளும் காலையில் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் பிந்தவில்லை. நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீ கொஞ்சம் அதட்டிச் சொல். நீ அனுப்பிய கம்பளியைப் போர்த்தாமல் பெட்டியில் மடித்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். தையில் லீவு கிடைக்கும் என்று நீ சொன்னதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அதே போனில் நீ இன்னொன்றும் சொன்னாய். இராமையா இந்த லயத்து வரிசையில் இருக்கும்வரை வாசலை மிதிக்க மாட்டேன், ஹட்டனில் ரூம் எடுத்துத் தங்குகிறேன், நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாய். அம்மா போனை வைத்துவிட்டு அழுதாள். நம் வீட்டுக் காம்பராச் சுவரின் தடிப்பு உனக்குத் தெரியும், இரண்டு காம்பரா தள்ளி இருக்கிற இராமையா மாமாவுக்கு மறுநாளே சேதி போய்விட்டது. முந்தாநாள் கடலைக் கூடையோடு வந்து நின்று, அண்ணே, தம்பி வந்துட்டுப் போற வரைக்கும் நான் கினிகத்தேனையில மக ராசம்மா வீட்டுல இருந்துக்கிறேன், புள்ள சொந்த வீடு இருக்க ரூம்புல தங்குறது நல்லா இல்லீங்க என்றார். பெட்டியைக்கூடக் கட்டிவிட்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

லோஜன், நீ எழுதி வைத்திருந்த அந்தக் கொப்பியை இராமையா மாமா எடுக்கவில்லை. பொலிசுக்கும் அவர் கொடுக்கவில்லை. அதை அவர் கையில் கொடுத்தது நான். இது உன் அம்மாவுக்கும் இன்று வரை தெரியாது.

எப்படி என்று சொல்கிறேன், பாதியில் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கேள். கொழும்புக் கடையில் இரண்டு வருசம் நின்றுவிட்டு, அங்கே பொலிஸ் பதிவும் செக்கிங்கும் தாங்க முடியாமல் நீ வீட்டுக்கு வந்தபோது அந்தப் பழைய கம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தாய். அதில்தான் அந்தக் குதிரைக்காரன் கேம். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழும்ப மாட்டாய், சோறு ஆறிப்போகும், கூப்பிட்டால் உம் என்பாய், அந்த உம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. ஒரு நாள் நல்ல வெயிலில் மழை வருது என்றாய். அம்மா ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள், பார்த்தால் மழை பெய்தது உன் கேமுக்குள். அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. போதாததற்கு இரண்டு கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதினாய், படம் வரைந்தாய். பரீட்சைக்கு எழுதாத கை இதற்கு எழுதுகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. போன வருசம் ஆவணியில் ஒரு நாள் அம்மா மலையில் வழுக்கி விழுந்து நனைந்துபோய் வந்தாள், கொஞ்சம் சுடுதண்ணி வை என்று மூன்று தடவை கூப்பிட்டாள், உன் காதில் விழவில்லை. மறுநாள் நீ டவுனுக்குப் போன நேரம் பார்த்து, பழைய பேப்பரோடு சேர்த்து அந்த இரண்டு கொப்பியையும் இராமையா மாமாவிடம் கொடுத்து, சுருள் சுற்ற வச்சிக்கங்க என்றேன். அவர் பள்ளிக்கூடக் கொப்பி என்றுதான் வாங்கினார், அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நானும் பிரித்துப் பார்க்கவில்லை. கொப்பி போனால் கிறுக்கும் போய்விடும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவர் ரயிலில் கடலை விற்றுக்கொண்டு போனபோது ஒரு பொலிஸ்காரர் வாங்கித் தின்றிருக்கிறார். தின்று முடித்துச் சுருளை விரித்தால் ஒரு பாலத்தின் படம், பக்கத்தில் ரயில் வரும் நேரம், காவல் மூன்று பேர், வெடி நாலு இடத்தில், தப்பும் பாதை என்று இங்கிலிஷிலும் தமிழிலும் எழுதி இருக்கிறது. அது கேமில் வருகிற பாலம் என்று யார் கண்டார்கள். நீ வரைந்ததோ அச்சாக நம்முடைய ரயில் பாலம், நீயும் பாவம், வேறு பாலத்தை எங்கே கண்டாய். அது யுத்த காலம், எப்படிப்பட்ட காலம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூடைக்குள் மிச்சத் தாளும் இருந்தது, ஒரு அட்டையில் உன் பெயரும் லயத்து இலக்கமும் இருந்தது. எங்கே கிடைத்தது என்று மாமாவை இறக்கிக் கொண்டுபோய்க் கேட்டிருக்கிறார்கள். லயத்துக் குப்பையில் பொறுக்கினேன் என்று சொல்லி இருக்கிறார். இரண்டு தரம் அறைந்தபோதும் அதையேதான் சொல்லி இருக்கிறார், அன்றோடு அவருக்கு வலது காது கேட்காமல் போய்விட்டது. அந்தப் பொலிஸ் நிலையத்தின் பெயரை எழுதக் கை வரவில்லை. பொலிஸ் வந்து உன்னைப் பிடித்துக்கொண்டு போனபோது அவர் அங்கே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்ததை நீ பார்த்தாய், இந்தக் கிழவன்தான் கொண்டுவந்தான் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டாய், அதை வைத்து முடிவு கட்டினாய். மறுநாள் அவரை விட்டதும் ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். வீட்டுக்கு ஒரு ஆம்பளையாவது வெளிய நிக்கணும்ணே, ரெண்டு பேரும் உள்ள போனா தங்கச்சி யாருகிட்ட ஓடும் என்று உன் அம்மாவை நினைத்துச் சொன்னார்.

நான் இன்ஸ்பெக்டர் மாத்தையா முன்னால் போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அது கேம் ஐயா, விளையாட்டு என்றேன். அப்படியானால் இந்தப் பாலத்தைக் கேமில் எனக்குக் காட்டு, மெஷினைக் கொண்டு வா என்றார். காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். யார் காட்டுவது? உன் கூட்டாளிமார் ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வந்தால் அவர்களையும் பிடிப்பார்கள். தேயிலைப் பெக்டரியில் லீவு சொல்லிவிட்டு நானே உட்கார்ந்தேன். தேயிலைச் சாக்கில் இருக்கிற இங்கிலிஷை எழுத்துக் கூட்டுகிற அளவுதான் என் படிப்பு. நீ நிறுத்திய இடத்தைத் தேடத் தெரியாமல் முதலில் இருந்து தொடங்கினேன். முதல் நாள் குதிரையை நேராக ஆற்றில் இறக்கினேன், வணக்கம் சொல்ல வேண்டிய கடைக்காரனைச் சுட்டுவிட்டேன், ஊரே துரத்தியது. அப்போது பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்த உன் அம்மா சொல்கிறாள், அதை அமுக்காதீங்க, லோஜன் பக்கத்துல இருக்கிறதைத்தான் அமுக்குவான், வேலியோரமாப் போங்க, அந்தத் தாடிக்காரன் நல்லவன், அவன்கிட்டப் பேசுங்க என்று. நீ விளையாடிய அத்தனை மாதமும் அவள் உன் முதுகுக்குப் பின்னால் இருந்து முழுக் கதையும் பார்த்திருக்கிறாள், ஒரு எழுத்து இங்கிலிஷ் தெரியாமல். அந்தக் குதிரைப் பையனோட அப்பனுக்குக் கொடுத்த நெலத்த ரயில் கம்பெனிக்காரங்க புடுங்கிட்டாங்க, அதைக் கேக்கத்தான் போறான் என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். தொப்பியும் குதிரையும் பார்த்து அவனை யாரோ துரை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

இனிச் சொல்வது கொப்பியைவிடக் கஷ்டமானது. ஆறாவது நாள் உனக்குச் சோறு கொண்டுவர விட்டிருந்தார்கள், பகல் பன்னிரண்டுக்கு முன் வரச் சொன்னார்கள். அம்மா விடியவே சமைத்துக் கட்டி என் பக்கத்தில் வைத்துவிட்டு மலைக்குப் போனாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே, கொஞ்சம் பழகுவோம் என்று உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் எனக்குக் குதிரை கைக்கு வந்தது. மலை இறங்கியதும் ஒரே புல்வெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் வேலி இல்லை, லயம் இல்லை. ஒருத்தரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, ஒருத்தரும் அடையாள அட்டையைக் காட்டு என்று சொல்லவில்லை. பாலத்துக்குப் போகாமல் நான் சும்மா போனேன் மகனே. ஆற்றங்கரையில் நிறுத்தினேன், குதிரை தண்ணி குடித்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ உள்ளே இருக்கிறாய் என்பது எனக்கு மறந்துபோனது. அம்மா வந்து சோத்துப் பார்சலைப் பார்த்துவிட்டு, ஐயோ நீங்க போகலையா என்று கேட்டபோது பகல் இரண்டு மணி. அன்றைக்கு நீ வீட்டுச் சோறு இல்லாமல் இருந்தாய். உள்ளே விடவில்லை என்று பிறகு உன்னிடம் சொன்னேன், அது பொய். பெற்ற பிள்ளை கம்பிக்குப் பின்னால் இருக்கும்போது எனக்கு அப்படி மறந்தது என்றால், பதினெட்டு வயதில் இருந்து போகிற இடமெல்லாம் கையைத் தூக்கி நின்ற உனக்கு அம்மா கூப்பிட்டது கேட்காமல் போனதில் என்ன அதிசயம். உன்னைக் கிறுக்கன் என்று திட்டிய வாய் இது, வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாவது நாள் கொழுந்து லொறியில் மெஷினை ஏற்றிக்கொண்டு போனேன். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள், கேமில் இரண்டு தரம் செத்தேன். மூன்றாம் தரம் பாலம் வந்தது. இன்ஸ்பெக்டர் மாத்தையா எண்ணெய்க் கறையோடு இருந்த உன் தாளை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். காவல்காரர்களை எண்ணினார், மூன்று பேர். வெடி வைக்கிற இடத்தை எண்ணினார், நாலு. இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது ஐயா, என் மகனுக்குத்தான் தெரியும், அவன் உள்ளே இருக்கிறான் என்றேன். அப்போதுதான் உன்னைக் கூட்டிவரச் சொன்னார். நீ வந்து, மவுசில் கை வைத்தபடி நான் அந்த நாற்காலியில் இருப்பதைப் பார்த்தாய். எப்படிப் பழகினீர்கள் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு நாளில் உன்னை விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று மாமா ஒரு சுருள் கடலையோடு இஸ்தோப்பில் வந்து நின்றார். அந்த ஆள் மூஞ்சில முழிக்க மாட்டேன் என்று நீ சத்தம் போட்டாய். அவர் வலது பக்கம் உன் பக்கமாக இருந்தது, பாதிதான் கேட்டிருக்கும், ஆனால் விளங்கிக்கொண்டு திரும்பிப் போனார். நான் அவர் பின்னால் போய் இப்பவே சொல்லிவிடுகிறேன் என்றேன். வேணாம்ணே, வெளிநாடு போகப்போற புள்ளைக்கு அப்பன் மேல கோவம் வேணாம், என் மேலயே இருக்கட்டும் என்றார். அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது, பிடித்துக்கொண்டேன். ஒரு வருசத்துக்கு மேல் அதற்குள்ளேயே ஒளிந்திருந்தேன். இப்போதும் அவர் ரயிலில் கடலை விற்கிறார். ஆனால் சுற்றுகிற ஒவ்வொரு தாளையும் பின்னேரம் என்னிடம் கொண்டுவந்து, இதுல என்னண்ணே எழுதியிருக்கு, யாரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆகாதே என்று கேட்டுவிட்டுத்தான் சுருட்டுகிறார். நான் கணக்கையும் கட்டுரையையும் வாசித்துக் காட்டுகிறேன். ஒவ்வொரு தாளுக்கும் நான் கூனிக் குறுகிப் போகிறேன்.

கம்பியூட்டரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இனி அதைத் தொட மாட்டேன் என்று சொன்னாயாம். கொடுக்கவில்லை, துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். என் குதிரைக்காரன் இன்னும் அந்தப் பாலத்தடியில்தான் நிற்கிறான், அன்றைக்குப் பிறகு நான் நகர்த்தவில்லை. நீ தொடாவிட்டால் போகட்டும், தப்பு அதில் இல்லை என்று மட்டும் தெரிந்துகொள். அம்மா கோயிலில் இருந்து வந்ததும் அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். மாமாவிடம் போய்ப் பெட்டியை அவிழ்க்கச் சொல்லப்போகிறேன். தைப்பொங்கலுக்கு நீ வரும்போது அவர் அவருடைய காம்பராவில்தான் இருப்பார். இந்த லயத்தில் யாராவது உன் கண்ணில் படக் கூடாது என்றால் அது நான்தான், ஒரு வரி எழுதிப் போடு, நீ திரும்பிப் போகும்வரை கினிகத்தேனையில் ராசம்மா வீட்டில் நான் போய் இருந்துகொள்கிறேன். அதற்காக உன்மேல் வருத்தப்பட மாட்டேன். நீ வீட்டுக்கு வர வேண்டும், அம்மா கையால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

வெயிலில் நிற்கும்போது தலையில் துணி கட்டிக்கொள், தண்ணி நிறையக் குடி, ரூம் பிள்ளைகளோடு சண்டை பிடிக்காதே. நம் மாரியம்மனும் முருகனும் நீ போகிற வழியெல்லாம் முன்னே நிற்கட்டும், நீ நூறு வயது நல்லபடி இருக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. வந்து மாமாவைப் பார்க்கும்போது இடது பக்கம் நின்று பேசு. நீ சொல்வது அவருக்கு முழுசாகக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அழகன்