மெதுவாக மூடிய துப்பாக்கி

பைன் பிளஃப், ஆர்கன்சா
அக்டோபர் 6

டாய்லுக்கு,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கு என்ன கேடு.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே கத்த ஆரம்பித்துவிடுகிறோம். பிள்ளை சம்பந்தப்பட்டதெல்லாம் எழுத்திலேயே இருக்கட்டும் என்று விவாகரத்து நீதிபதி சொன்னது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. காகிதத்தில் உன் சிரிப்புச் சத்தம் கேட்பதில்லை.

விஷயம் இதுதான். லேசிக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. இந்தக் குளிர்காலம் உன்னோடு வாத்து வேட்டைக்கு வந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உன் அப்பாவின் பழைய துப்பாக்கி அவளுக்குத்தான் என்று அவள் பால் குடிக்கும் வயதிலிருந்து சொல்லி வைத்திருக்கிறாய். அது ஈய ரவைக் காலத்துத் துப்பாக்கி. இப்போது வாத்துக்கு இரும்பு ரவைதான் போட வேண்டும், அந்தக் குழல் தாங்காது. ஆக, நீ கொடுத்த வாக்கு வழக்கம்போல சுவரில் மாட்டிவைக்கத்தான் லாயக்கு.

நேற்று கடைக்குப் போனேன். பெண் பிள்ளைக்கு என்று சொன்னதும் விற்பனைக்காரன் ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினான். "பொம்பளப் பிள்ளைங்களுக்கு இதுதாங்க போகுது" என்றான். வாத்துக்கு என்ன கண் தெரியாதா என்று கேட்டேன். முழித்தான்.

பள்ளிச் சமையலறையில் எனக்கு என்ன சம்பளம் என்பது உனக்குத் தெரியும். அந்தக் காசுக்குத் துருக்கியிலிருந்து வருவதுதான் கிடைக்கும். ஒன்று, கையால் இழுத்து இழுத்துச் சுடும் பம்ப். இன்னொன்று, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற ரகம். நான் பம்ப் வாங்கலாம் என்கிறேன். எளிமையானது, எந்த நாளும் வெடிக்கும். நீ என்ன சொல்கிறாய்? உன்மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் துப்பாக்கி விஷயத்தில் உன் வாயிலிருந்து பொய் வந்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

நோரீன்

பி.கு: 'அன்புள்ள' என்று ஆரம்பித்து எழுதாதே.


லாக்ரூ ஓடைக்கரை
அக்டோபர் 14

அன்புள்ள நோரீனுக்கு,

கை பழகிவிட்டது, எழுதின சொல்லை அடித்தால் அசிங்கமாக இருக்கும், அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை இந்த வேட்டை விடுதிச் சமையற்காரனுக்கும் படித்துக் காட்டினேன். ரோஸ் துப்பாக்கிக்கு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் இங்கே நன்றாக இருக்கிறேன். விருந்தாளிகளை விடியலில் கூட்டிப்போய், ஊதல் ஊதி வாத்தை இறக்கிக் கொடுக்கிற வேலைதான். முதுகு மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

பம்ப் வேண்டாம். குளிரில் தடித்த உடுப்போடு இழுத்து இழுத்துச் சுட்டால் குழந்தைக்கு ஒரு வாத்தும் விழாது. தானே ஏற்றிக்கொள்வதில் இரண்டு வகை உண்டு. வெடிப்புகையின் வேகத்தில் ஓடுவது ஒன்று. மலிவுத் தயாரிப்பில் அது கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். பின்னுதையின் வேகத்தில் ஓடுவது இன்னொன்று. அதில் அடைக்க ஒன்றும் இல்லை, சேற்றில் விழுந்தாலும் கழுவிவிட்டுச் சுடலாம். தோள் கொஞ்சம் வலிக்கும், பழகிக்கொள்வாள். இரண்டாவது வகையையே வாங்கு. தோளில் வைக்கிற பின்கட்டை அவள் கைக்கு எட்டும் அளவா என்று பார். பெட்டியிலிருந்து எடுத்ததும் கிரீஸை எல்லாம் துடைத்துவிடு. துருக்கிக்காரன் கப்பலுக்காகப் பூசுவது அது, வேட்டைக்கு அல்ல.

டிசம்பர் முதல் சனிக்கிழமை அவளை அனுப்பு. என் மகள் முதல் வாத்தைச் சுடும்போது பக்கத்தில் நான்தான் நிற்பேன்.

என்றும் அதே
டாய்ல்


பைன் பிளஃப்
நவம்பர் 9

டாய்லுக்கு,

நீ சொன்னதையே வாங்கிவிட்டேன். கிரீஸா அது? மீன் எண்ணெயில் ஊறிய சாக்கு மாதிரி ஒரு வாடை. சாப்பாட்டு மேசையில் பழைய துணியைப் போட்டு நானும் லேசியும் துடைத்துத் தீர்ப்பதற்குள் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என்னவோ கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி துடைத்தாள். பிறகு மண் தட்டு வீசிச் சுடுகிற மைதானத்துக்குப் போனோம். ஒரு தடவைகூடச் சண்டித்தனம் செய்யவில்லை. தட்டுகள் தூள் தூளாகப் போயின. அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இது உன் சிநேகிதன் கார்லண்ட் வைத்திருந்த இத்தாலித் துப்பாக்கியின் ஜாதிதானே? நமக்குக் கல்யாணமாகி இரண்டாம் குளிர்காலம் அதை என்னிடம் கொடுத்தாய். மேலே வாத்து சுற்றுகிறதே என்று, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைக் கையால் பிடித்து மெதுவாக மூடினேன். விசையை அழுத்தினால் வெறும் 'டிக்'. எல்லார் முன்னாலும் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அது என்ன தொட்டிலா, மெதுவா சாத்துறதுக்கு? பட்டனை அமுக்கிட்டுக் கைய எடு. அறைஞ்சு மூடினாத்தான் பூட்டும், பூட்டினாத்தான் வெடிக்கும்." அன்று அழுகை வந்தது எனக்கு. இப்போது நினைத்தால் உன் கழுத்தை நெரிக்கத்தான் தோன்றுகிறது.

லேசிக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாம் அப்பா சொல்லித்தருவார் என்கிறாள். மைதானத்தில் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் சுட்டாள், அதனால் நானும் விட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அன்று நீங்கள் இரண்டு பேர் மட்டும் போங்கள். உன் விருந்தாளிகளை அவளோடு சேர்க்காதே. முதல் வாத்து அவள் கையால் விழ வேண்டும்.

நோரீன்


லாக்ரூ ஓடைக்கரை
டிசம்பர் 9

அன்புள்ள நோரீனுக்கு,

லேசி பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். என்ன மாதிரி விடியல் தெரியுமா? தண்ணீர் நிற்கிற ஓக் மரங்களுக்கு நடுவே பச்சைத்தலை வாத்துகள் இலை உதிர்கிற மாதிரி இறங்கின. நாய் நீந்தி நீந்திக் களைத்துவிட்டது. லேசிதான் அதற்குத் துவட்டிவிட்டாள்.

கடைசி நேரத்தில் டல்லஸிலிருந்து வந்த மூன்று பேரை முதலாளி என் படகில் ஏற்றிவிட்டார். என்னால் மறுக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நல்ல மனிதர்கள்தான். நான் துப்பாக்கியே எடுக்கவில்லை, முழு நேரமும் குழந்தை பக்கத்திலேயே இருந்தேன். வருத்தம் என்னவென்றால் அவள் துப்பாக்கி காலை வாரிவிட்டது. குளிரில் ஊசி தோட்டாவைச் சரியாக அடிக்கவில்லை போல. மலிவுச் சாமான் மலிவுச் சாமான்தான், என்ன செய்ய. அவள் சமர்த்தாக இருந்தாள்.

ஆனாலும் இருபத்து நாலு வாத்து. சட்டம் விடுகிறது ஆளுக்கு ஆறு, கணக்கு கச்சிதம். ஐஸ் பெட்டியில் நாலு நெஞ்சுக்கறி அனுப்பியிருக்கிறேன், வெங்காயம் போட்டு வதக்கு.

என்றும் அதே
டாய்ல்


பைன் பிளஃப்
டிசம்பர் 16

டாய்ல்,

உன் கறியைக் குப்பையில் போட்டேன். லேசி தொடவில்லை, எனக்கும் வாய் வரைக்கும் கொண்டுபோக முடியவில்லை.

முதலில் எனக்குத் துருக்கிக்காரன்மேல்தான் ஆத்திரம். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கத்தினேன். ரோஸ் துப்பாக்கிக்காரனேதான். பின்பக்கம் கொண்டுபோய்ச் சுட்டான். வெடித்தது. ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிரவைத்துச் சுட்டான். அப்போதும் வெடித்தது. "ஒரு கோளாறும் இல்லீங்களே" என்றான். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

அன்று காட்டில் எப்படித் தோட்டா போட்டாய், செய்து காட்டு என்றேன். வெறுந்துப்பாக்கியை எடுத்து, போல்ட்டைக் கையால் பிடித்து, தூங்குகிற பிள்ளையின் அறைக் கதவைச் சாத்துகிற மாதிரி மெதுவாக மூடினாள்.

"மைதானத்துல இப்படியா மூடின?" என்றேன்.

"இல்லம்மா. அப்பாதான் அப்படிச் சொன்னாரு. 'வாத்து மேல சுத்துது கண்ணு, சத்தம் கேட்டா பறந்துடும், பையப் புடிச்சு விடு'ன்னாரு. ஒவ்வொரு தடவையும் சொன்னாரு."

ஒவ்வொரு தடவையும். வேட்டைக்காரர்கள் எல்லாரும் மறைவில் செய்கிற காரியம்தான் அது, சத்தம் காட்டாமல் மூடுவது. தெரியாதவன் சொல்லியிருந்தால் தவறு என்று விட்டுவிடலாம். என்னை ஊர் சிரிக்கவைத்து இதைச் சொல்லிக்கொடுத்தவன் நீ. போன மாதம்தான் நானே உனக்கு ஞாபகப்படுத்தி எழுதியிருந்தேன்.

பிறகு உன் கச்சிதமான கணக்கு. நீ சுடவில்லை. லேசி ஒரு வெடி வெடிக்கவில்லை. மூன்று பேருக்குப் பதினெட்டு. மீதி ஆறு யாருடையது, டாய்ல்? அவள் பங்கு அது. அவள் வெடிக்காத துப்பாக்கியோடு பனித்தண்ணீரில் நின்று பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். டல்லஸ்காரர்கள் அவள் பங்கையும் சேர்த்துச் சுட்டார்கள். அதற்குத்தானே அவளைப் படகில் ஏற்றினாய்? ஓர் ஆள் கூட இருந்தால் ஆறு வாத்து கூட.

அதோடு அந்தக் குவியலுக்கு முன்னால் அவளை நிறுத்திப் படம் எடுத்தார்களாம். ஒருவன் செத்த வாத்தின் அலகைத் திறந்து மூடி அவள் காதோரம் 'குவாக் குவாக்' என்றானாம். நீ சிரித்தாயாம். திரும்புகிற வழியில் நெஞ்சை மட்டும் அறுத்துக்கொண்டு மிச்சத்தைப் பள்ளத்தில் எறிந்தார்களாம். அதை அவள் என்னிடம் சொன்னது அன்று இல்லை, மூன்று நாள் கழித்து, பாத்திரம் கழுவும்போது, என் முகத்தைப் பார்க்காமல்.

நீ குடித்திருக்கிறாய், ஏமாற்றியிருக்கிறாய், அதெல்லாம் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. இது அருவருப்பாக இருக்கிறது. உன் கையெழுத்தைப் பார்த்தாலே கை கழுவ வேண்டும் போலிருக்கிறது.

வேட்டைக் காவல் அதிகாரியிடம் போகலாம் என்றேன். லேசி வேண்டாம் என்கிறாள். அப்பாவுக்கு வேலை போய்விடுமாம். நீ தெரியாமல் சொன்னதா, தெரிந்தே சொன்னதா, அதை மட்டும் உண்மையாக எழுது. அவள் கேட்கவில்லை. ஆனால் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள்.

நோரீன்


லாக்ரூ ஓடைக்கரை
டிசம்பர் 27

நோரீனுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

தெரிந்துதான் சொன்னேன். முதல் தடவை மட்டும் தெரியாமல் வாயில் வந்தது, வாத்து உண்மையிலேயே தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. 'டிக்' என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. திருத்தியிருக்கலாம். அதற்குள் முதலாளி முந்தின ராத்திரி சொன்னது ஞாபகம் வந்தது: "பெரிய இடத்து ஆளுங்க, கை நிறைய வாத்தோட அனுப்பு. உம் பொண்ணு சின்னப் பொண்ணு, அவளுக்கு வருஷம் கிடக்கு." எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு போக்கில்லை, நோரீன். அடுத்த தடவை அவள் என் முகத்தைப் பார்த்து, "சரியாப் பண்றேனாப்பா?" என்று கேட்டாள். "சரியாத்தான் பண்றே கண்ணு" என்றேன்.

பிப்ரவரியில் சிறுவர் நாள் வருகிறது. அன்று பெரியவர்கள் துப்பாக்கி தொடக்கூடாது, பிள்ளைகள் மட்டும்தான் சுடலாம். விருந்தாளி கிடையாது, முதலாளி கிடையாது. பீவர்கள் மரத்தைக் கடித்துத் தள்ளிக் கட்டின அணைப் பக்கம் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். படகுத்துறையில் விடியலில் காத்திருப்பேன். வரச் சொல். இதை அவளிடமே கொடு, படிக்கட்டும்.

டாய்ல்


பைன் பிளஃப்
பிப்ரவரி 8

டாய்லுக்கு,

உன் கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். சமையல் மேடையில் சாய்ந்து நின்று ஒரே தடவை படித்தாள். "பீவர் அணைப் பக்கம் நல்ல இடம்தாம்மா" என்றாள். உன்னோடு வரத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் நம்பமாட்டாய், எனக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது.

நேற்று விடியலில் வண்டியில் ஏறியதும்தான் சொன்னாள், "பொதுக் காட்டுக்குப் போலாம்மா. நீ வா என்கூட." உன் படகுத்துறையைத் தாண்டித்தானே போக வேண்டும். வண்டியின் பின்பலகையில் இரண்டு கோப்பையோடு நீ உட்கார்ந்திருந்ததை இருவருமே பார்த்தோம். நிறுத்தட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

நான் வெறுங்கையோடு இடுப்பளவு தண்ணீரில் அவள் பக்கத்தில் நின்றேன். ஓடைக்கு அந்தக் கரையில் உன் படகுத்துறையும் பீவர் அணையும். அவள் தோட்டா போடுகிற நேரம் பார்த்து மேலே ஒரு கூட்டம் இறங்கிச் சுற்றியது. என் கை தன்னால் வாய்க்குப் போனது, சத்தம் போடாதே என்று. அவள் பட்டனை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தாள். போல்ட் அறைந்து மூடியது. அந்தத் தண்ணீர்க்காடு முழுக்கக் கேட்டது. வாத்துகள் மொத்தமும் திரும்பி உன் பக்கம் பறந்துபோய்விட்டன.

"போகட்டும்மா" என்றாள். "அப்பாவுக்குக் கேட்டிருக்கும்."

இனி விடுமுறைக்கு அவளை அனுப்பமாட்டேன், வரவும் மாட்டாள். நீதிபதியிடம் வேண்டுமானால் போ. பதினைந்து வயதுப் பிள்ளை, அவளையே கேட்பார்.

வெயில் ஏறின பிறகு ஒரே ஒரு வெடிச்சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். அது அவளுடையது. அதையாவது வேறு யார் கணக்கிலும் சேர்த்துவிடாதே.

நோரீன்