தகரம் ஓய்ந்த பிறகு

கார்த்திகாவுக்கு,

சென்னை வீட்டுச் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்திருக்கிறேன். உன் மீதிச் சாமான்களை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நான் போடியில் இருக்கிறேன். டிரம்ஸை இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை. புது ஆல்பத்துக்காக ஏலக்காய் சலிக்கும் சத்தம், போடிமெட்டு வளைவில் ஜீப்பு ஹாரன் என்று பதிவு செய்துகொண்டு திரிகிறேன். சாப்பாடு மெஸ்ஸில். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் தேவாரத்தில் ஒரு சோளக்காட்டுக்கு ரெக்கார்டரோடு போனேன். யானை இறங்கும் என்று எல்லோரும் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் கையிலும் ஒரு டின்னைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் காட்டுக்குச் சொந்தக்காரி சுருளியம்மாள் சத்தம் போட்டாள்.

"அப்பு, தாளம் போடாதீக! ஒரே மாதிரி அடிச்சா ஆனை பழகிக்கிரும். கண்டமேனிக்கு அடிங்க!"

தாளத்தை உடைக்கிறேன் என்றுதான் இத்தனை வருடமும் மேடையில் திட்டு வாங்கினேன். தாளம் போட்டதற்குத் திட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை. உன்னிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாய் என்று நினைத்தேன்.

யானை வரவில்லை. தட்டி முடித்ததும் சுருளியம்மாள் யாரையோ தேடுவதுபோல் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அறைக்கு வந்து பதிவைக் கேட்டேன். தகரம் ஓய்ந்ததும் என் குரல், உன்னிடம் கேட்கும் பழக்கத்தில், "எப்டி இருக்கு?" என்று கேட்கிறது. சுருளியம்மாள் ஏன் அப்படி எட்டிப் பார்த்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

பதிவின்போது உன்னை வளையலைக் கழற்றச் சொல்வேனே, இதில் அந்தத் தொந்தரவே இல்லை. என் கேள்விக்குப் பிறகு வெறும் காற்றுதான். அதை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் ஹெட்போனைக் கழற்றாதவன்