வெட்சி ஏன் மஞ்சளானது?

செல்ல வாலுக்கு,

அப்பா நலம். நீயும் அம்மாவும் நலந்தானே? உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து படித்தேன்.

வகுப்பில் ஒரு செடியைப் பற்றி எழுதச் சொன்னார்கள், நீ நம் மதிலோர வெட்சியை எடுத்துக்கொண்டாய், சரி. ஆனால், "எப்பவும் பச்சையா இருக்கிற செடின்னு டீச்சர் சொன்னாங்க. நம்மளுது மட்டும் ஏன் மஞ்சளாயிட்டே வருது? நீங்க போனதாலயா?" என்று கேட்டிருக்கிறாய். கொத்தனாருக்குச் செங்கல் தெரியும், செடி தெரியுமா? இங்கே கட்டடத்தின் முன்னால் செடி நடுகிற தோட்டக்காரரைப் பிடித்தேன்.

"எப்பவும் பச்சைன்னா இலையே உதிராதுன்னு இல்லப்பா. ஒண்ணொண்ணா உதிரும், அதுக்குள்ள புதுசு வந்துரும். மொட்டையா நிக்காது, அவ்வளவுதான்" என்றார். வெட்சி எங்கிருந்தோ கொண்டுவந்ததும் இல்லையாம். இந்த மண்ணின் காடுகளில் தானாகவே வளர்கிற புதராம்.

பிறகு ஒரு சிவப்புக் கொத்தைக் காட்டி எண்ணச் சொன்னார். நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூவே இல்லை, வாலு! எழுபத்திரண்டு வரை எண்ணினேன். அதற்குள் மேஸ்திரி சத்தம் போட்டுவிட்டார். ஒவ்வொன்றுக்கும் நாலே இதழ். கீழே ஊசி போல நீளமாக ஒரு குழல், அதன் அடியில் துளித் தேன். நீள நாக்கு உள்ள வண்ணத்துப்பூச்சிக்குத்தான் அது எட்டும். நீ பூவைப் பறித்து அடியில் உறிஞ்சுவாயே, அது குறுக்கு வழி.

மஞ்சளுக்கு வருகிறேன். "நரம்பு மட்டும் பச்சையா நிக்குதா? அப்ப வேருக்குப் பக்கத்துல சிமெண்டோ சுண்ணாம்போ கிடக்கும். இதுக்கு அது ஆகவே ஆகாது" என்றார். மதில் பூசிய அன்று அம்மாவுக்கும் எனக்கும் வார்த்தை முற்றியது உனக்குத் தெரியும். மிச்சக் கலவையைக் கோபத்தில் அந்தச் செடியடியில் கொட்டிவிட்டுத்தான் பையைத் தூக்கினேன்.

ஆகவே, நான் போனதால் இல்லை. போகும்போது செய்ததால். உன் மேல் தப்பில்லை, அம்மா மேலும் இல்லை. கட்டி இறுகிப்போயிருக்கும், தனியாகப் பெயர்க்க முடியாது. அம்மாவுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா

* * *

வாலு,

இருவருமாகக் கட்டியைப் பெயர்த்த செய்தி கிடைத்தது. பெரிய வேர் எதுவும் அறாமல் எடுத்தீர்களாமே, கெட்டிக்காரிகள்! நீ படித்துக் காட்டியதும் அம்மா கடப்பாரையை எடுத்து வந்ததாகவும், வேலை முடிந்து கை கழுவும்போது, "உங்கப்பாவுக்குத் தப்ப ஒத்துக்க ஒரு செடி வேண்டியிருந்துச்சு" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை நாலு முறை படித்தேன்.

மஞ்சளான இலை பெரும்பாலும் திரும்பப் பச்சையாகாதாம். இனி வரும் துளிரைப் பார்க்க வேண்டுமாம். வேரடியில் சருகு போட்டு வை.

இங்கே அடுத்த மாதம் வேலை முடிகிறது. மேஸ்திரி வேறு ஊருக்குக் கூப்பிடுகிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். "என்ன கேட்டாரு?" என்றால், ஒன்றும் கேட்கவில்லை, கேட்டதாக மட்டும் எழுதியிருக்கிறார் என்று சொல். அதற்கு அம்மா என்ன சொன்னாலும் ஓர் எழுத்து விடாமல் எனக்கு எழுது, கண்ணு.

நன்றாக இரு.

உன் அப்பா