திருடனின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது, கரீமு

இன்னும் கொட்டகை மணலில் துண்டு போட்டு நான் இடம் பிடித்துவைக்கும் என் தோஸ்து கரீமு,

வந்துவிட்டதடா, நீ போகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாயே, அந்த பம்பாய்த் திருடனின் இரண்டாம் பாகம்! நேற்று நம் கல்மண்டபம் டெண்டுக் கொட்டகையில் முதல் ஆட்டம் பார்த்தேன். கேட்டால் உனக்கு வயிறு எரியும்.

முன்பு ஓடும் ரயிலிலிருந்து குதித்தவன், இதில் நாற்காலியை விட்டு எழவே முக்குகிறான். தொப்பை வேறு. திருந்திவிட்டானாம், துணிக்கடை வைத்திருக்கிறானாம். திருடாத திருடனை எவன் பார்ப்பான்? ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு வந்த நம் ஆட்கள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

நீ இல்லாததும் ஒரு காரணம். இந்தி ஒரு வார்த்தை தெரியாத கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு பேச்சையும் நீ தமிழில் கத்திச் சொன்னதால்தானே முதல் படத்தை ஏழு தடவை பார்த்தோம்? கடைசியில் விலங்கோடு நிற்கிற திருடன் ஒரு கிழவியைப் பார்த்து ஏதோ சொல்வான். "அம்மா, தப்பு பண்ட்டேன், மன்னிச்சிக்கோ. திரும்பி வருவேன்" என்றாய் நீ. கொட்டகையே மூக்கைச் சிந்தியது. "அடுத்த பாகத்துல அம்மாவும் புள்ளையும் சேருவாங்க, நான் கேரண்டி" என்று வேறு வாக்குக் கொடுத்தாய்.

அந்த கேரண்டிதான் நேற்று என் உயிரை வாங்கியது. பெண்கள் பக்கம் உன் அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்ததிலிருந்து உங்கள் வீட்டு வாசலை நான் மிதிக்கவே இல்லை. நீ இல்லாமல் தனியாக என்ன முகத்தோடு போவேன், சொல்?

இடைவேளை முடிந்து வெகுநேரமாகியும் திருடனின் அம்மா வரவில்லை. "இன்னாடா, கரீமு சொன்னதெல்லாம் டூப்பா?" என்று வலைக்கார மாணிக்கம் பின்னாலிருந்து கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. உன் அம்மா காதுபட உன் வார்த்தை பொய்யாவதா?

அந்த நேரம் பார்த்து, பழைய கேஸோ என்னவோ, போலீஸுக்குப் பயந்து ஓடிய திருடன் ஒரு வீட்டுக்குள் புகுந்தான். உள்ளே ஒரு கிழவி கையை ஆட்டிக் கத்தினாள். நான் துள்ளி எழுந்து அவளைவிடச் சத்தமாகக் கத்தினேன்: "என் கண்ணு, வந்துட்டியா! எத்தினி நாளா சோறாக்கி வச்சிக்கினு குந்திகினு கீறேன்!" விசில் சத்தத்தில் கொட்டகை கிழிந்தது. மாணிக்கம் அழுதேவிட்டான்.

ஆட்டம் விட்டதும் உன் அம்மா என் காதைப் பிடித்தார். அப்போதுதான் உறைத்தது, உங்கள் வீட்டில் பேசும் உருதுவும் படத்தில் பேசும் இந்தியும் கிட்டத்தட்ட ஒரே பாஷைதான் என்று.

"அந்தக் கெழவி தெருவையே கூப்ட்டு அவனைப் புடிச்சிக் குடுக்கப் பாக்குறா. நீ சோறு போட்டுட்ட!"

"மொத படத்துல வந்தது அம்மாதானே?" என்று இழுத்தேன்.

"அதுலயும் ஏதுடா அம்மா? அவ ஜெயிலு வாசல் பெருக்குறவ. அப்ப என்கூட சண்டை போட்டுட்டு மூணு நாளா வூட்ல கை நனைக்கல உன் தோஸ்து. பொம்பளைங்க பக்கம் நான் குந்திகினு இருந்தது அவனுக்குத் தெரியும். அந்த மன்னிப்ப எனக்குத்தான்டா சொன்னான்."

அடப்பாவி! உங்கள் வீட்டுச் சண்டைக்கா நாங்கள் ஏழு தடவை அழுதோம்?

சொல்லிவிட்டுச் சிரித்தார் உன் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "கொட்டாய்ல நீ போட்ட சோறு போதும். வெள்ளிக்கிழமை வூட்டுக்கு வா, நான் போடுறேன்" என்றார்.

போகிறேன் கரீமு. இந்த வெள்ளி மட்டுமில்லை, எல்லா வெள்ளியும். மூன்றாம் பாகம் வந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். படத்தில் எந்தக் கிழவி தலைகாட்டினாலும் அவள்தான் அம்மா, நீ கவலைப்படாதே.

இப்படிக்கு,
உன் அம்மாவின் இன்னொரு பொய்க்காரப் பிள்ளை,
ஏகாம்பரம்