சிவப்புப் பொத்தான் கூப்பிடும் பெயர்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை வாலு எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், பேனா சிரித்துவிட்டது.

தொண்டை ஆபரேஷனில் அம்மாவுக்குக் குரல் போனதும் நீ செய்து கொடுத்தாயே பேசும் பெட்டி, அது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அவள் தட்டுவதையெல்லாம் ஒழுங்காகச் சொல்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மட்டும், நீ வேலைக்கென்று ஊரைவிட்டுப் போன இந்த இரண்டு வருடமாகவும் ஒரே கூவல்: "பெரியவனே, இங்க வா!" வருவது நான். அந்த வரியை நிரலுக்குள்ளேயே பதித்துவிட்டுப் போய்விட்டாய், மகாராசா.

பரீட்சை லீவில் அதை மாற்ற உட்கார்ந்தேன். "சின்னவளே, இங்க வா" என்று திருத்தி, லேப்டாப்பில் கம்பைல் செய்து, அதாவது இயந்திரத்துக்குப் புரியும் பாஷைக்கு மாற்றி, பெட்டியில் ஏற்றினேன். இது என்ன பாஷை என்று பெட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. போனில் உன்னைக் கேட்டதற்கு, "லூசு, அதோட பிராசசர் வேற. கிராஸ் கம்பைலர் போடு. மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டாய்.

போட்டேன். ஒலி எழுப்பும் ஆயத்த நிரல்கள் அடங்கிய லைப்ரரியைக் காணோம் என்று அந்தக் கம்பைலர் அழுதது. லேப்டாப்பில் இருப்பது லேப்டாப்புக்குத்தான் ஆகுமாம். பெட்டிக்குள் இருந்ததையே நகலெடுத்துத் தனி போல்டரில் வைத்து, இங்கே மட்டும் தேடு, கண்ட இடத்தில் மேயாதே என்று கட்டளை எழுதினேன். ஒன்பது நாள் போயிற்று. ஒரு வீட்டில் உருவாகி, அந்த வீட்டில் ஓடாமல் வேறெங்கோ போய் ஓடுவதற்குப் பெயர்தான் கிராஸ் கம்பைல் என்று புரிந்தது. உன்னைச் சொல்வதாக நீ நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

பத்தாம் நாள் காலை அம்மா பொத்தானை அழுத்தினாள். "சின்னவளே, இங்க வா!" சமையலறையிலிருந்து விழுந்தடித்து ஓடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடியும். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். பெட்டி சொன்னது: "பழசையே போட்டுடு கண்ணு. நீ எப்படியும் வந்துடுவே."

போட்டுவிட்டேன். இந்த முறை நாலே நிமிடம். தொழில் கைவந்துவிட்டது, பார்.

அண்ணா, அந்தப் பெட்டிக் குரலில் அம்மாவைக் கேட்க முடியவில்லை, அதனால்தான் அவளுக்குப் போன் செய்வதில்லை என்று போன மாதம் சொன்னாய். சரி, கேட்காதே. பெட்டியை நான் அணைத்து வைக்கிறேன். நீ மட்டும் பேசு. அங்கே மழையா, என்ன சாப்பிட்டாய், யாரோடு சண்டை, எதையாவது பேசு. நீ வைக்கும்வரை அவள் வைக்கமாட்டாள். அதனால் அவசரப்பட்டு வைத்துவிடாதே.

இப்படிக்கு,
வாலு