உரிமையாளர் சாவி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் புது வீட்டில் பொருந்திவிட்டீர்களா? குளியலறைச் சுவரில் ஈரம் ஓதம் இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார். இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் இப்போதே சொல்லிவிடு, மழை வந்தால் டைல்ஸ் பெயர்ந்துவிடும். பார், கடிதத்திலும் தொழில் புத்தி போகவில்லை.

போன் பண்ணினால் நீ எடுக்க மாட்டாய். செய்தி அனுப்பலாம் என்று போனைத் திறந்தால் எனக்கே கை கூசுகிறது. அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

கடையில் எல்லோரிடமும் மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்துவிட்டது, அதனால் நீ கிளம்பிவிட்டாய் என்று சொல்லி வைத்தேன். மாற்றல் வந்தது நிஜம். ஆனால் ஆறு மாசம் கழித்துப் போகலாம் என்று இருந்தவள் இரண்டே நாளில் மூட்டை கட்டியது எதனால் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேஷியர் அம்மாவுக்கு நம் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் வரும், தெரியாததும் வரும். நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே.

நம் டைல்ஸ் கடை இரண்டு, ஒரு குடோன், இருபத்தாறு ஆட்கள். எல்லோரும் போனில் ஒரே குரூப்பில் கிடந்தோம். காலை வணக்கம் படம், டிரைவர் வீட்டுக் குழந்தையின் முதல் பல், நடுவில் ஆர்டர். ஒரே வெள்ளை டைலாக இருந்தாலும் சூளைக்குச் சூளை நிறம் மாறும், பெட்டியில் ஷேடு எண் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். அந்த எண் அன்றைக்குப் பல்லுக்கு வந்த பாராட்டுக்கு அடியில் புதைந்துபோனது. அதனால் ஒரு பல் டாக்டர் வீட்டுக் குளியலறை இரண்டு வெள்ளையில் நின்றது. டாக்டர் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டி, சட்டையும் வேட்டியும் வேறே வேறே கடையில எடுத்த மாதிரி இருக்கே என்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் நீ, அண்ணா, வேலைக்குன்னு தனியா ஒரு ஆப் வேணும், நான் பார்த்துச் சொல்றேன் என்றாய்.

பார்க்கவும் பார்த்தாய். மூன்று ஆப்பை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஓட்டினாய். பழைய போனில் திறக்கிறதா, எழுத வராதவர்கள் பேசி அனுப்ப முடிகிறதா, போன மாசத்து ஷேடு எண்ணைத் தமிழில் தேடினால் கிடைக்கிறதா, வேலை நேரம் முடிந்தால் மணி அடிக்காமல் இருக்குமா என்று ஒன்றொன்றாகக் குறித்தாய். லோடு ஏற்றுகிறவர்களிடம்கூடக் கையில் கொடுத்துக் கேட்டாய். இரண்டாவதுதான் நமக்குச் சரி என்றாய். நான் மூன்றாவதை எடுத்தேன். தேடுவதற்கு அதுதான் வசதி என்று காரணம் சொன்னேன்.

அதன் விலை தலைக்கு ஒன்றரை மடங்கு. நான் பேரம்கூடப் பேசவில்லை. என்னை நாற்பது வருஷமாகப் பார்க்கிற உனக்கு அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீ என்னை நம்பினாய்.

உண்மை இதுதான். அந்த ஆப்பை விற்க வந்தவர், நீ டீ சொல்லப் போன நேரத்தில் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, சார், இதுல உரிமையாளர் சாவின்னு ஒண்ணு இருக்கு, ஆட்கள் தனி அறை போட்டுப் பேசிக்கிட்டாலும் நீங்க உள்ளே போய்ப் பார்க்கலாம், உங்க பேரு அங்க தெரியாது என்றார். உனக்குத் தெரிய வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது, நீ திரும்பி வந்தபோது மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

குடோனில் எல்லோரையும் நிற்கவைத்து நீ விளக்கிச் சொன்ன நாளையும் எழுதித்தான் ஆக வேண்டும். நம் குடோன் பெரியவர், பெட்டியைத் தொட்டாலே மெதுவா மெதுவா என்று சொல்லி அதுவே பெயராகிப்போன நம் ‘மெதுவா’, கையைத் தூக்கி, முதலாளி இதெல்லாம் படிப்பாராம்மா என்று கேட்டார். தனி அறையில பேசுறது உங்களோடது, யாரும் பார்க்க மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு என்றாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். தலையை வேறு ஆட்டினேன்.

மதியம் சாப்பிட்ட பிறகு சாம்பிள் அறையில் பலகைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு படிப்பேன். களவு ஏதாவது அகப்படும் என்று பார்த்தேன், ஒன்றும் இல்லை. எனக்கு ‘எக்ஸ்ரே’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் பெட்டி எண்ணும்போது உதடு அசைவதைக் குட்டை டிரைவர் நடித்துக் காட்டுவாராம். ஏற்றுகிற பையன்கள் முதுகு வலி என்று புலம்பியிருந்தார்கள். நான் மறுநாளே நானாக யோசித்தது போல, இனி அடுக்கடுக்காகத் தூக்க வேண்டாம், தள்ளுவண்டி வாங்குகிறேன் என்றேன். முதலாளிக்கு மனசைப் படிக்கத் தெரியுது என்று பேசிக்கொண்டார்கள். அதையும் படித்தேன். சந்தோஷப்பட்டேன். வெட்கமில்லாமல் இதையும் எழுதுகிறேன், எழுதாமல் விட்டால் மீதி எழுதியதற்கு அர்த்தம் இல்லை.

இன்னொரு அறையில் மெதுவாவும் கேஷியர் அம்மாவும் மட்டும். எழுதவே வராத மனிதர், ஐம்பத்தெட்டு வயசில், தினம் ஒரு சொல் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார். ‘வெள்ளை’. ‘வெல்லை’ என்று வந்தால் கேஷியர் அம்மா திருத்துவார். ‘சாம்பல் நான்கு பெட்டி’ என்று ஒரு வரி முழுசாக எழுதிய அன்றைக்கு, யாருகிட்டயும் சொல்லாதீங்க, நல்லா வந்தப்புறம் நானே காட்டுறேன் என்று குரலில் அனுப்பியிருந்தார். அதைக் கேட்ட பிறகாவது நான் அந்தச் சாவியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். மறுநாளும் போய்ப் பார்த்தேன்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. கேஷியர் அம்மா, நீங்கள் டீ நேரத்தில் பேசிக்கொள்ளும் தனி அறையில், அக்கா, நாம இங்க பேசுறது எக்ஸ்ரே காதுக்குப் போகுதோன்னு தோணுது, தள்ளுவண்டி விஷயத்தைப் பாருங்க என்று எழுதினார். நீ பதில் எழுதினாய். எங்க அண்ணன் கஞ்சன்தான், முன்கோபிதான், ஆனா ஒளிஞ்சு நின்னு படிக்கிற ஆள் இல்லை, நான் கூடப் பிறந்தவ சொல்றேன், என்னை நம்புங்க என்றாய்.

அந்த வரிக்குக் கீழே என் பெயரில் கட்டைவிரல் படம் முளைத்தது. படிக்கிறவரைதான் பெயர் தெரியாது, எதையாவது அழுத்தினால் தெரிந்துவிடும்.

கை தவறிப் பட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். பிறகு ஆப்பில் கோளாறு என்றேன். இரண்டும் பொய். கை தவறவில்லை. நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நான் இருக்கக் கூடாத இடத்தில் நிற்கிறேன் என்பதே மறந்துபோய், நல்லாச் சொன்னே என்று நானாகத்தான் அழுத்தினேன். இதை இதுவரை உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

அதைவிட மோசமானது நீ நேரில் பார்த்தாய். கவுன்டரில் கேஷியர் அம்மா உன் முகத்தைப் பார்த்து, அக்கா, உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன்? ஆப்பைப் பார்த்து எடுத்ததெல்லாம் தங்கச்சிதான், எனக்கு என்ன தெரியும் என்றேன். வியாபாரத்தில் உடைந்த சரக்கை அடுத்தவன் தலையில் கட்டுகிறவர்களை நான் எத்தனை பேரை ஏசியிருக்கிறேன். நான் கட்டியது என் தங்கச்சி தலையில்.

நீ கிளம்பின பிறகு அந்த ஆப்பில் ‘சரி’, ‘வந்தாச்சு’, ‘ஏத்தியாச்சு’ தவிர வேறு ஒன்றும் வரவில்லை. ஒரு சிரிப்பு இல்லை. ஷேடு மாறி ஏறுகிறது என்று தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை, போன வாரம் ஒரு லோடு அப்படியே போய்த் திரும்பி வந்தது.

சனிக்கிழமை ஷட்டர் திறக்கும் முன்னால் இருபத்தாறு பேரையும் குடோனில் கூட்டினேன். சாவி விஷயத்தை நானே சொன்னேன், தங்கச்சிக்கு எதுவும் தெரியாது, அவள் சொன்னதை விட்டுவிட்டு இந்த ஆப்பை நான்தான் எடுத்தேன், கவுன்டரில் சொன்னது பொய் என்றேன். கத்துவார்கள் என்று பார்த்தேன், யாரும் கத்தவில்லை. மெதுவா மட்டும், நான் எழுதிப் பழகினதையும் பார்த்தீங்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டுப் பெட்டி அடுக்கப் போய்விட்டார். அதன் பிறகு ஆப்பை நிறுத்தும்வரை எல்லாவற்றையும் குரலில்தான் அனுப்பினார். கேஷியர் அம்மா வாசலில் நின்று, எங்ககிட்ட சொன்னீங்க, சரி, அக்காகிட்ட சொன்னீங்களா என்றார். நான் ரசீதுக் கட்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்த ஆப்பை நிறுத்திவிட்டேன். இப்போது ஆர்டர் போனிலும் துண்டுச் சீட்டிலும் ஓடுகிறது, தவறும் கூடவே ஓடுகிறது. நீ குறித்து வைத்த தாள் உன் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டாவது ஆப்பை எடுக்கலாம், அல்லது நீ வேறு எதையாவது சொன்னால் அதை. உரிமையாளர் இடத்தில் உன் பெயர் இருக்கட்டும். என்னை ஆர்டர் அறையில் மட்டும் சேர்த்தால் போதும். அங்கிருந்தே அதைச் செய்யலாம், கடைக்கு நீ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை.

இந்தக் கடிதத்தின் அடியில் கடை முத்திரையும் என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் காட்டு, கேஷியர் அம்மாவுக்கு அனுப்பு, பெட்டியில் பூட்டி வை, அடுப்பில் போடு. என்ன செய்தாய் என்று ஒருநாளும் விசாரிக்க மாட்டேன். நீ நல்லா இருக்க வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டு ஒரு போன் பண்ணினால் எடுப்பாயாம்மா? அது மட்டும் தெரிந்தால் போதும்.

உன் அண்ணன்