எண்ணெயைத் தொட்ட நுரை

எல்லோரும் சேர்ந்து உண்ட சஹன் தட்டில் சவுக்காரம் தேய்க்கிறேன், காக்கா. நுரை எழுகிறது. நெய்ச்சோற்றின் எண்ணெயைத் தொட்டதும் சாகிறது. உங்கள் பேரில் குர்ஆன் ஓதிய கத்தம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள்.

"எண்ணெயைக் கண்டா நுரை செத்துரும் புள்ள. அதுதான் எங்கட தலையிடி. விடாமக் குடுத்துக்கிட்டே இருக்கணும்."

போன விடுமுறையில் இதே குழாயடியில் நின்று உங்கள் தங்கச்சி எனக்குச் சொன்னீர்கள். வளைகுடாவில், எண்ணெய் வயலின் ஆய்வுகூடத்தில் உங்களுக்கு வேலை. பாறைக்குள் மிஞ்சிய எண்ணெயைத் தள்ள வாயுவைச் செலுத்துவார்கள். வாயு அகலமான வெடிப்பைப் பார்த்து ஓடிவிடும். நுண்துளைகளில் எண்ணெய் அப்படியே கிடக்கும். சவுக்காரம் போன்ற ஒன்றைத் தண்ணீரில் கலந்து அனுப்பினால் நுரை உண்டாகி வெடிப்பை அடைக்கும். வேறு வழியில்லாமல் வாயு இறுகிய இடங்களுக்குள் போகும்.

எனக்கு விளங்கவில்லை. வயல் வரப்பில் தண்ணீர் பாய வெட்டிவிடும் வாயைச் சொன்னீர்கள். "பள்ளத்து வக்கடைய அடைச்சாத்தானே மேட்டுக்குத் தண்ணி ஏறும்?"

இதுக்கா இவ்வளவு படிப்பு என்று உம்மா சிரித்தார்.

திரும்பிப் போன பிறகு, வளைகுடாவிலேயே உங்கள் நெஞ்சு நின்றது. அங்கேயே அடக்கினார்கள். வாப்பா ஃபோனில் சம்மதம் சொன்னார்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே சொற்களைச் சொன்னார்கள். அல்லாஹ்வின் நாட்டம். நல்ல மவுத்து. நானும் சொன்னேன். சொற்கள் சுலபமான வழியால் ஓடின. உம்மா இருந்த இடத்தை ஒன்றும் தொடவில்லை. அவர் அழவும் இல்லை.

இன்று ஓதி முடிந்ததும் ஆறுதல் சொல்ல வந்த மாமியை உம்மா மறித்தார்.

"என்ட மகன ஆரு குளிப்பாட்டின?"

சொற்கள் ஓடிய வழி அடைத்துப் போனது. எங்கள் ஊரில் மையித்தைக் குளிப்பாட்டுவது சொந்தக் கைகள்.

உங்கள் அறைத் தோழருக்கு, அந்த நற்பிட்டிமுனைக்காரருக்கு, ஃபோன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு உம்மாவின் மடியில் வைத்தேன்.

"நான்தான் உம்மா குளிப்பாட்டின. இளஞ்சூட்டுத் தண்ணி. சவுக்காரம் போட்டு, மெதுவா."

"காதுக்குப் பின்னால? சின்னதுல இருந்தே அவன் அங்க தேய்க்க மாட்டான்."

"காதுக்குப் பின்னாலயா?" என்று திருப்பிக் கேட்டார் அவர்.

"தேய்ச்சன் உம்மா."

உம்மா அழுதார். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக.

உங்கள் தோழர் சொன்னது மெய்தானா என்று எனக்குத் தெரியாது. இனிக் கேட்கவும் மாட்டேன்.

நுரை மறுபடி செத்துவிட்டது. மறுபடி சவுக்காரம் எடுக்கிறேன். சஹனின் விளிம்புக்குப் பின்னால் ஒரு மடிப்பு உண்டு, அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடும் இடம். அங்கே விரலை வைத்துத் தேய்க்கிறேன், காக்கா. மெதுவாக.